இந்தத் தடவை நிஜம்

"சத்தியமா சொல்றேன் பட்டாசு, இந்தத் தடவை நிஜம்!"

"தெரியும் மாமா. போன தடவையும் சத்தியம் பண்ணீங்க."

பண்ணினேன்தான். என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், ஆறு வயதுப் பட்டாசும் நாலு வயது உருண்டையும். வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஞாயிறுதோறும் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நான். வாயால் சொல்லிக்கொடுத்தால் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு, "ஐயோ மாட்டிக்கிட்டேன், விளையாட்டு இல்ல, நிஜம்!" என்று கதறுவேன். அந்தக் கதறல்தான் எங்களுக்கு ஆரம்ப மணி.

இன்றும் ஞாயிறு. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். நான் மேசைமேல் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன், மேலே தெளிக்கக் கொஞ்சம் தண்ணீர் எடுக்கலாம் என்று அயர்ன் பாக்ஸைச் சட்டை மேலேயே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் நுழைந்தேன். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கைப்பிடியை இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது. போன் வெளியே கிடந்தது.

"பட்டாசு, அயர்ன் பாக்ஸ் பக்கம் போகாதே. ஏதாவது கருகுற வாடை வருதா?"

"வருது மாமா, சூப்பர்! போன தடவை வாடையே இல்ல."

"அக்கா, புகைகூட வருது!" உருண்டை கைதட்டினான்.

சுவிட்சை அணைக்கச் சொல்லவும் முடியாது. அது மேசைக்குப் பின்னால், கருகும் சட்டையைத் தாண்டி எட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறது.

"தம்பியைக் கூட்டிட்டு வெளிய ஓடு. எதிர்வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிடு!"

குட்டிக் கால்கள் ஓடின. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஜன்னலுக்குக் கீழே குரல். "கூப்பிட்டாச்சு மாமா!"

"யாரு வர்றா?"

"யாரும் வரல. ஆன்ட்டி வீட்டு கேட்டைத் தொட்டாலே கூப்பிட்ட மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? ஆன்ட்டி தூங்குவாங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு."

அதையும் நான்தான் சொன்னேன்.

"இப்போ தொந்தரவு பண்ணு தங்கம்! போய் பெல் அடி!"

"நடுவுல ரூலை மாத்துனா அழுகுணி ஆட்டம்!"

கதவைத் தோளால் இடித்தேன். உள்பக்கமாகத் திறக்கும் கதவு, எவ்வளவு இடித்தாலும் அசையுமா? அடி இடுக்கில் புகை நூல் நூலாக நுழைந்தது. துண்டை நனைத்துச் செருகினேன். ஜன்னலில் கை மட்டும்தான் போகும். கையை நீட்டி ஆட்டிக்கொண்டே கத்தினேன். இந்தப் பிள்ளைகள் என்னைத் தேடித் திரும்ப உள்ளே வந்துவிட்டால் என்ற நினைப்பில் குரலை இன்னும் உயர்த்தினேன்.

வெளியே ஒரு வண்டி நின்றது. தண்ணீர் கேன் போடும் அண்ணன்.

"உள்ள யாரு பாப்பா கத்துறது?"

"எங்க மாமா. கண்டுக்காதீங்க அண்ணா, நல்லா நடிப்பாரு."

"புகை வருதேம்மா?"

"அது இன்னைக்குத்தான் புதுசு."

என் நடிப்பை இதுவரை ஒருவரும் பாராட்டியதில்லை. பாராட்டு கிடைத்த அந்த நொடியில் குலைநடுங்கிப் போனேன்.

நல்லவேளை, அண்ணன் பட்டாசை நம்பவில்லை. உள்ளே பாய்ந்து மெயினை அணைத்தார். ஒரு கேன் தண்ணீரை முழுசாக மேசைமேல் கவிழ்த்தார். பிறகு என் கதவை உதைத்துத் திறந்தார். "என்ன சார், பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு இப்படியா?" என்றார்.

சட்டை போனது, மேசையில் பாதி கரி. அதைப் பார்த்த பட்டாசின் முகம் வெளிறிவிட்டது. அழவில்லை. கேட்டாள்:

"மாமா, அப்போ நிஜம்னா எனக்கு எப்படித் தெரியும்?"

கதவு திறந்துவிட்டது, நான் இந்தக் கேள்விக்குள் மாட்டிக்கொண்டேன். நிஜத்துக்கென்று மட்டும் தனியாக ஒரு சொல் வைத்துக்கொள் என்கிறாள், வேலை முடிந்து வந்த அக்கா. சரிதான். ஆனால் அதைச் சொல்லிப் பழக்காவிட்டால் உருண்டை மறந்துவிடுவான். சொல்லிப் பழக்கினால் அதுவும் விளையாட்டாகிவிடும். அடுத்த ஞாயிறு வருவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். அந்தச் சொல்லை ஒத்திகையில் சொல்லலாமா, கூடாதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சீக்கிரம் சொல்லுங்களேன்?