சொந்தக் கையால் செய்தது

வெலிஸாரின் கால்களுக்கு வயதாகவில்லை, கைகளுக்குத்தான் ஆகிவிட்டது. பம்பு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், எழுபதைத் தாண்டியும் பானாத் சமவெளியில் நூலைப் பிடித்துக்கொண்டு இளவட்டங்களுக்குச் சரியாக ஓடுவார். பின்னால் ஒருவர் கிளைடரை, அதாவது கையால் செய்த சின்ன மாதிரி விமானத்தை, தூக்கிப் பிடித்திருப்பார். நூல் இறுகியதும் அவர் விட்டுவிட வேண்டும். கிளைடர் பட்டம் போல மேலேறி, நூலை உதறிவிட்டுத் தன்னிஷ்டத்துக்குப் பறக்கும். மோட்டாரும் கிடையாது, ரிமோட்டும் கிடையாது. எது அதிக நேரம் வானத்தில் நிற்கிறதோ அதற்குக் கோப்பை. அந்தக் கோப்பை வாலிபத்திலிருந்தே அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் பிடிப்பவர் ராதிவோய். ராதிவோய் பறக்கவிடும்போது பிடிப்பவர் வெலிஸார். ஒரே தொழிற்சாலை, ஒரே கிளப். பெண்டாட்டிகளே பொறாமைப்பட்ட சிநேகம்.

போன குளிர்காலத்தில் வெலிஸாரின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. இறக்கைக்கு மெல்லிய காகிதம் ஒட்டும்போது கிழித்துக்கொண்டே இருந்தார். ஒரு ராத்திரி ராதிவோய்க்குப் பொறுக்கவில்லை.

"குடுடா இங்க, நான் ஒட்டித் தர்றேன்."

"வேணாம்டா. அவனவன் செஞ்சதத்தான் அவனவன் பறக்கவிடணும். விதி இருக்குல்ல."

"பெரிய விதி! காகிதத்துல என் பேரா எழுதியிருக்கு? போய் ரக்கியாவ ஊத்து, போ."

வெலிஸார் போய் அந்தப் பழச்சாராயத்தை ஊற்றினார்.

போட்டியன்று காலையில் வழக்கம்போல் ஒவ்வொருவரும் நடுவர் தெசாங்காவிடம் கை கொடுத்து, "சொந்தக் கையால செஞ்சது" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கையெழுத்தைவிட அந்தச் சொல் பெரிது. வெலிஸாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற ராதிவோய் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். வெலிஸார் சொல்லிவிட்டார்.

அன்று காற்றும் அவர் பக்கம் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் வெலிஸார் முதலிடம், ராதிவோய் இரண்டாமிடம். கோப்பையை அலமாரியில் எங்கே வைப்பது என்று வெலிஸார் மனசுக்குள் யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் தெசாங்கா ஆள் அனுப்பினாள்.

"இன்ஜினியர், இந்த இறக்கைக்குக் காகிதம் ஒட்டினது யாரு?"

சுற்றிலும் ஆட்கள். தெசாங்காவுக்குப் பின்னால் நின்ற ராதிவோய், சூரியகாந்தி வயலை என்னமோ புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ராத்திரி விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். பொய் சொல்லியிருக்கலாம். இரண்டாவது தடவை அது வரவில்லை.

"ராதிவோய்" என்றார்.

"அப்புறம் ஏன்யா காலையில எங்கிட்டக் கை குடுத்தீங்க?" தெசாங்கா கோபப்படக்கூட இல்லை. பலகையில் அவர் பெயரை அழித்தாள்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். ராதிவோய் அதற்கும் ஒரு படி மேலே போனார். தன் கிளைடரைக் கொண்டுவந்து வெலிஸாரிடமே நீட்டினார்.

"புடிடா. காத்து நல்லா இருக்கு, விட்றக் கூடாது."

பழக்கதோஷம், வெலிஸாரின் கைகள் வாங்கிக்கொண்டன.

"ஏன்டா இப்படிப் பண்ணுன?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? உள்ளதத்தான சொன்னேன்."

"காலையில நான் கை குடுக்கறப்போ என் பின்னாலதான நின்ன? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

ராதிவோய் நூலைச் சரிபார்த்தபடி சொன்னார்: "அப்ப நீ முதல்ல இல்லியேடா."

கோப்பை போனதில்கூட வெலிஸாருக்கு இப்படி வலிக்கவில்லை. இத்தனை வருஷமும் தான் தோற்றுக்கொண்டே இருந்ததால்தான் இந்தச் சிநேகம் நிலைத்ததோ என்று தோன்றியது. கிளைடரைப் புல்லில், காற்றில் புரளாதபடி பார்த்து வைத்துவிட்டு, பஸ் வரும் சாலையைப் பார்த்து நடந்தார்.

"டேய்! நேரமாகுதுடா! யாராவது வந்து புடிங்கய்யா!"

எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஒருவரும் குனிந்து அதை எடுக்கவில்லை.