கூரையில் கட்டிய ஏரியல்

சிவமலர் கிட்டாரோடு மேடையேறிய அன்று, இரண்டாவது பாட்டின் நடுவில் மைக் அடங்கிப்போனது. லண்டன் ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. செயலாளர் கணேசலிங்கம் திரைக்குப் பின்னால் நின்று வயரைப் பிடுங்கியிருந்தார்.

"குடும்பங்கள் வாற இடம், தங்கச்சி. இந்தக் கத்தலை இங்கை போடேலாது."

"அப்ப வேற இடத்திலை போடுறன்," என்றாள்.

அது 1989. சிவமலருக்கு இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அவளுடைய ராக் பாட்டுகளுக்குத் துணைநின்ற ஒரே ஆள் அருட்பிரகாசம். முன்பு கப்பலில் ரேடியோ ஆபிசர், இப்போது டிவி திருத்துபவர். அவர் பிஸ்கட் டின் அளவில் ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்தார். சிவமலர் குடியிருந்த பதினாலு மாடிக் கவுன்சில் கட்டடத்தின் கூரையில் இருவருமாக ஏரியலைக் கட்டினார்கள். லைசென்ஸ் கிடையாது. ஞாயிறுதோறும் பின்னேரம் நாலு மணிக்கு அவளுடைய அறையிலிருந்து தமிழ் ராக் பாட்டு கிழக்கு லண்டனுக்குள் இறங்கியது. யாராவது கேட்கிறார்களா என்று அவளுக்குத் தெரியாது.

பதினோராவது ஞாயிறு ரேடியோ லைசென்ஸ் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினார்கள்.

"நிப்பாட்டுவமோ?" என்றார் அருட்பிரகாசம்.

அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடினாள். பிறகுதான் கதவைத் திறந்தாள். டிரான்ஸ்மிட்டரோடு கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நீதிமன்றத்தில், இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று உறுதி தரமுடியுமா என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பத்மநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, பிள்ளை. பிறகு ஆர் வந்து பாக்கப்போறான்?"

அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

"ஏலாது, அண்ணை. நான் திரும்பவும் பாடுவன். சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

பத்மநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். விதிக்கவிருந்த அபராதம் இரட்டிப்பானது. கிட்டார் திரும்பக் கிடைக்காது என்றார்கள்.

வெளியே படியில் ஒரு பெண் காத்திருந்தாள்.

"நான் வசந்தமலர். பேப்பரிலை இந்த வழக்கைப் பாத்திட்டு வந்தனான். உங்கட பாட்டுக்காக ஞாயிறு ஷிப்டையே மாத்தி வைச்சிருக்கிறன்."

சிவமலர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட பில்டிங் உங்கடயை விட உயரம்," என்றாள் வசந்தமலர். "என்ரை மனுசன்தான் அங்கை கேர்டேக்கர். கூரைக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு அவரிட்டை இருக்கு."

தீர்ப்புக்குப் பிறகு மூன்றாவது ஞாயிறு, அருட்பிரகாசம் புதிதாகச் செய்த டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால், இரவல் கிட்டாரோடு வசந்தமலரின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சிவமலர் உட்கார்ந்தாள். அதுவரை பெயர் சொல்லாமல்தான் பாடியிருந்தாள். அருட்பிரகாசம் கையைக் காட்டியதும் மைக்கை நெருங்கி, தன் முழுப்பெயரையும் சொன்னாள்.