தில்லையின் பால்

மாலைக் கதிரவன் வவுணதீவின் வயல்வெளிக்கு அப்பால் சாய, மட்டக்களப்பு வாவி காற்றடங்கிக் கிடந்தது. கண்டல் மரங்கள் தம் வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றி, நீரருந்த இறங்கிய மந்தைபோல் நெருங்கி நின்றன. அவற்றின் பின்னே, சற்றே மேடான நிலத்தில், முதிர்ந்த இலை சிவந்த தில்லை மரங்கள் தனித்துத் தெரிந்தன.

அம்மரங்களைக் காணவே காத்தான்குடி ஹில்மி தன் மனைவி முப்லிஹாவுடன் தோணியில் வந்து கரையிறங்கியிருந்தான். அவன் கையில் வாவிக்கரைச் செடிகொடிகளைப் பற்றிய நூலொன்று விரிந்திருந்தது. பெயரோடு நில்லாமல், எச்செடி எச்சேற்றை விரும்பும், எப்பறவைக்கு இடந்தரும் என்று அருகிருந்து பேசுவார்போல் எழுதிய அந்நூலை, இனிய உணவை ஆற அமர உண்பவன்போல் அவன் சிறிதுசிறிதாகப் படித்து வந்தான்.

"'கிள்ளிய இடத்தில் பால் துளிர்த்து, விழ மனமின்றி நிற்கும்.' எப்பிடி எழுதியிரிக்கார், பாத்தியா புள்ள!"

"என்னைக் கட்டின நாளையில இப்பிடி ஒரு வரி சொன்னீங்களா? எல்லாம் மரத்துக்குத்தான்" என்று சிரித்தாள் முப்லிஹா.

அவ்வரியோடு பக்கம் முடிந்திருந்தது. மறுபக்கம் புரட்டாமல், படித்ததைக் கண்ணால் காணும் ஆவலில், அவன் கிளையொன்றை முகத்தருகே வளைத்து ஒடித்தான். கிளை துள்ளியது, பால் இரு கண்களிலும் தெறித்தது.

முப்லிஹா அவனை இழுத்துச் சென்று, கண்களில் வாவி நீரை வாரி வாரி ஊற்றினாள்.

"கண்ணத் துறங்க! என்னப் பாருங்க!"

"எரியிது புள்ள... ஒண்டும் தெரியிதில்ல."

மருத்துவமனையில் கண்களைக் கழுவிக் கட்டினர். கட்டவிழ்க்கும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். இலையையும் எழுத்தையும் இனிக் காண்பேனோ என்னும் அச்சம், உப்புநீர் வயலில் ஏறுவதுபோல் ஓசையின்றி ஹில்மியின் நெஞ்சில் ஏறிற்று.

"விட்ட இடத்திலயிருந்து படி" என்றான், நூலோடு அருகிருந்த முப்லிஹாவிடம்.

தாள் புரளும் ஒலி கேட்டது. வரியின்மேல் ஊர்ந்த அவள் விரலின் உரசல் பாதியில் நின்றது.

"என்ன போட்டிரிக்கி?"

"'தில்லை மிகவும் நல்ல மரம். அதன் பால் பட்டால் கண் கொஞ்சம் எரியும். பிறகு எல்லாம் சுகமாகிவிடும்.'"

அந்நூலாசிரியர் எம்மரத்தையும் நல்லது என்றதில்லை, தீயது என்றதுமில்லை. படிப்பவரைத் தேற்றுவதற்காக ஒரு சொல்லும் எழுதியதில்லை. அப்பக்கத்தில் உண்மையில் எழுதியிருப்பது பார்வை போவதைப் பற்றியே என ஹில்மிக்கு விளங்கிற்று. கை நீட்டி அவள் கையைத் தேடிப் பற்றினான்.

கற்றறிந்தோரே, நல்ல நடையில் தோய்ந்த செவிக்குப் போலி வரி மறையாது. எனினும் அக்கணத்தில், அதுவரை சுவைத்த வரிகள் அனைத்தினும் அவ்வொன்றே அவனுக்கு வேண்டியிருந்தது.

"நல்லா எழுதியிரிக்கார். இன்னொருக்காப் படி."

அவள் படித்தாள். இம்முறை சொற்கள் சற்றே மாறியிருந்தன.