சோபனாவுக்கு வந்த சாமி

யுவராணிக்கு முப்பத்தேழு வயது. ஓசூரில் ஒரு தையல் கம்பெனியில் அறுபது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். ஆனால் குளிக்கப் போனால் மட்டும் கதவைத் தாழிட மாட்டாள். புருஷன் ஏனென்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவள் குளித்து வரும்வரை வெளியே காவல் நிற்கப் பழகிக்கொண்டான். நல்ல மனுஷன்.

அவளை உள்ளே வைத்து முதலில் தாழ்ப்பாள் போட்டவர் டியூசன் வாத்தியார் ராஜப்பன். அரூர் பக்கத்து ஊரில், அவளுக்குப் பத்து வயதில். அன்று தன்னைக் காப்பாற்றியது அம்மன்தான் என்பதில் யுவராணிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கூடப் படித்த சோபனா, மறந்துவிட்டுப் போன நோட்டை எடுக்கத் திரும்பி வந்தாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் முடியை அவிழ்த்துப்போட்டு, கதவை உதைத்து, "எம் புள்ளைய வுடுடா" என்று ஆடத் தொடங்கினாள். ஊர் கூடிவிட்டது. வாத்தியார் கதவைத் திறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். சோபனாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், குறி கேட்டார்கள். சாமி எதற்காக அந்த வாசலுக்கு வந்தது என்று மட்டும் ஒரு புண்ணியவானும் கேட்கவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சோபனா ஆடினாள். சாமி வருகிற பெண்ணைக் கட்டிக்கொள்ள எவனுக்குத் தைரியம் வரும்? குறி சொல்லியே காலம் போனது. யுவராணி ஆடி தவறாமல் அம்மனுக்கென்று சிவப்புச் சேலை கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, காலில் விழுந்துவிட்டு வருவாள்.

போன வருஷம் இன்னொரு சிறுமியின் தாய் போலீசுக்குப் போனாள். தன்மேல் இதுவரை ஒரு சொல் உண்டா என்று ராஜப்பன் சவால் விட்டார். அதைக் கேட்டபின் யுவராணியால் சும்மா இருக்க முடியவில்லை. தருமபுரி கோர்ட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணால் கண்ட ஒரே சாட்சி சோபனா. அவள் சொல் நிற்காவிட்டால் யுவராணி சொன்னதும் கட்டுக்கதையாகிவிடும்.

ராஜப்பனின் வக்கீல் சிரித்த முகமாகவே எழுந்தார். "நீங்க சாமியாடிங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அன்னிக்குப் பாத்தது நீங்களா, சாமியா?"

கேள்வியின் சூது யுவராணிக்குப் புரிந்தது. சாமி என்றால் கேஸ் போச்சு. இல்லையென்றால் சோபனாவின் பிழைப்பு போச்சு. வெளியே ராஜப்பனின் தம்பி நிற்கிறான், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

"நாந்தாங்க பாத்தேன்" என்றாள் சோபனா. "சாமி அன்னிக்கும் வரல, அப்புறமும் வரல. பத்து வயசுப் புள்ள சொன்னா எவங்க கேப்பாங்க? சாமி சொன்னா கேப்பாங்கன்னு ஆடுனேன்."

"அப்புறம் இருபத்தேழு வருஷம் ஏம்மா ஆடுனீங்க?"

"நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க. அப்ப இவ பேரைச் சொல்லணுமேங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஒரு சொல் விடாமல் பதியச் சொன்னார்.

ஓரத்தில் இருந்த யுவராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் சரியான காலில்தான் விழுந்திருக்கிறோம் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வெளியே வந்ததும் கும்பிடப் போனவளின் கையைச் சோபனா தட்டிவிட்டாள். யுவராணி பையிலிருந்து இந்த வருஷத்துச் சேலையை எடுத்து நீட்டினாள்.

"இது அம்மனுக்கில்ல. உனக்குடி."

சோபனா வாங்கித் தடவிப் பார்த்தாள். "எனக்குச் செவப்பே புடிக்காதுடி. அம்மன் சேலையாச்சேன்னு வாயைத் தொறக்கல. கடையில மாத்திக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க. என்ன கலரு வேணும் சொல்லு."

குறி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னவள், இதற்கு வெகுநேரம் யோசித்தாள்.