பச்சை மூக்குக் கிளி

காஞ்சனாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவளுக்கு அது ஆகாதுதான். என்ன செய்ய, பிறவிக் குணம்.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேல் ஸாவுக்குக் குரலை ஏற்றச் சொன்னால் தொண்டை கிழியக் கத்துவார்கள். பக்கத்து அறையில் கணக்கு டியூஷன் நடத்த முடியவில்லை. போன வாரம் தலைமை ஆசிரியை ஜெயபாய் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"அடுத்த வாரமும் இதே கூப்பாடுன்னா ஹாலை அபாகஸ் மாஸ்டருக்குக் குடுத்திருவேன் காஞ்சனா. பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்து ஆரம்பித்த வகுப்பு. விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. விளையாட்டுக் காட்டியாவது குரலைப் பழக்கிவிடலாம் என்று பொம்மை செய்ய உட்கார்ந்தாள்.

பிள்ளைகளின் அம்மாமார் பெரும்பாலும் நூல் மில்லில் வேலை பார்ப்பவர்கள். நூல் சுற்றும் காகிதக் கூம்புகள், மில்லில் கோன் என்பார்கள், கொஞ்சம் நூல் மிச்சத்தோடு எல்லா வீட்டிலும் கிடக்கும். அவற்றுக்குப் பட்டன் கண்ணும் பழைய சேலைத் துணியில் காதும் சிறகும் ஒட்டினாள். கோனின் நுனியில் மில்லிலேயே பூசியிருந்த சாயம் மூக்காகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்குப் பச்சை என்றால் கிளிதான், யோசிக்கவே இல்லை. நீல மூக்கு யானை. கிளி மேலே பறந்தால் மேல் ஸா, யானை நடந்தால் கீழ் ஸா.

சனிக்கிழமை கிளியைத் தூக்கினாள். பிள்ளைகள் அடித்தொண்டையில் முனகினார்கள். யானையை இறக்கினாள். குரல் மெலிந்து மேலே போனது. திரும்பவும் செய்தாள், திரும்பவும் அதே கூத்து. வேண்டுமென்றே கேலி செய்கிறார்கள் என்று அவளுக்குச் சுருக்கென்றது. வாசலில் ஜெயபாய் வேறு வந்து நின்றார்.

"ஏட்டி சத்யப்பிரியா, கிளி தரையிலயா பறக்கும்?" என்று முன்வரிசைச் சிறுமியிடம் பாய்ந்தாள்.

"இல்ல டீச்சர். ஆனா பச்சை நாப்பதாம் நம்பருல்லா, தடி நூலு. அதை வச்சு அம்புட்டு ஒசரம் எப்படிப் போக? நீலம்தான் நூறு. மெல்லிசு."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அம்மாவின் மில்லில் எந்த நிறத்துக்கு எந்த நூல் என்பதை அனா ஆவன்னாவுக்கு முன்னாலேயே படித்த பிள்ளைகள். காஞ்சனாவுக்கு வெட்கமாகப் போயிற்று. இது தெரியாமல் வைதுவிட்டோமே என்று வருத்தமாகவும் இருந்தது. சட்டென்று காதையும் சிறகையும் பிய்த்து மாற்றி ஒட்டி, நீல மூக்கைக் கிளியாக்கினாள். பிறகு நீலக் கோனிலிருந்து நூல் முனையை எடுத்துச் சத்யப்பிரியாவிடம் நீட்டினாள்.

"மேல் ஸா பாடிக்கிட்டே இழு. மூச்சு முடியுற வரைக்கும். கத்தினா கை வெட்டி இழுக்கும், நூறாம் நம்பர் அறுந்துரும்."

"அது எனக்குத் தெரியாதா டீச்சர்."

அவள் பாடிக்கொண்டே பின்னால் நடந்தாள். நூல் ஹாலின் நடுவில் நீண்டுகொண்டே போனது. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நூல் அறுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒருவரும் கத்தவில்லை. இருபது குரலும் மேல் ஸாவில் மெல்லிசாக நின்றன. காஞ்சனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நூல் வாசல் வரை வந்துவிட்டது. ஜெயபாய் அதில் இடித்துவிடாமல் விலகி, கதவை ஓசைப்படாமல் சாத்தினார். வெளியே அவர் போனில் பேசுவது கேட்டது.

"மாஸ்டர், ஒங்களுக்கு வேற ரூம் பாக்கேன்."