கடைசி வால்வு

மாமியார் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது ஒரு விமானத்துக்கு. பறந்துகொண்டே மற்ற ராணுவ விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் விமானம். எல்லோருக்கும் ஊட்டிவிடும், ஆனால் முனகாமல் ஒரு நாளும் கிளம்பாது. அதன் தலைமை மெக்கானிக் என் மனைவி. சொந்த மாமியாரிடம், அதாவது என் அம்மாவிடம், பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாதவள், இந்த மாமியாரின் வயிற்றுக்கடியில் பன்னிரண்டு வருடமாகப் படுத்துக்கிடந்தாள்.

அன்று காலை எரிபொருள் குழாயின் வால்வு உடைந்தது. உள்ளங்கை அளவு சாமான். மாலை நாலு மணிக்குள் வேறு வால்வு மாட்டாவிட்டால் மாமியாரைக் கொடைவள்ளல் ஆக்கிவிடுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அது எங்கள் வழக்கம். ஒரு விமானத்தை ஓரங்கட்டி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மற்ற விமானங்களுக்கும் சரக்கு விமானங்களுக்கும் மாட்டுவோம். கொடைவள்ளலான எதுவும் திரும்பப் பறந்ததில்லை.

கைநிறைய கிரீஸோடு மனைவி என் உதிரிபாகக் கிடங்குக்கு வந்தாள். கணினியில் அந்த வால்வு ஒன்று இருப்பதாகக் காட்டியது. தர முடியாது என்றேன்.

எந்தக் கிடங்கிலும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு: கடைசி ஒன்றைக் கொடுக்காதே. இருப்பு சைபர் ஆனால்தான் மேலிடம் புதிதாக ஆர்டர் போடும். கூடவே விசாரணையும் வைக்கும். ஏன் தீர்ந்தது, யார் தீர்த்தது, அதுவரை நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? ஒன்று இருக்கிறது என்று காட்டினால் ஒரு பயலும் கேட்கமாட்டான். அதனால் வருடாவருடம் பெட்டியின் மேலிருக்கும் தூசியைத் தட்டி, ஒன்று என்று எழுதி, புதையலைக் காக்கும் பூதமாக உட்கார்ந்திருந்தேன்.

"அவசரத்துக்குன்னுதானே வச்சிருக்கீங்க. இது அவசரம் இல்லையா?" என்றாள்.

"இதைவிடப் பெரிய அவசரம் வந்தா என்ன பண்றது?"

என் வாழ்நாளில் நான் உளறியவற்றில் அதற்கு முதல் மூன்று இடங்களுக்குள் ஓர் இடம் நிச்சயம். என் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு என் வீராப்பு கரைந்தது. பெட்டியை இறக்கி முத்திரையை உடைத்தேன்.

உள்ளே விரிசல் விட்ட பழைய வால்வு. அதில் ஒரு சீட்டு: 'மாமியாரில் கழற்றியது. பழுது. தற்காலிகமாக இங்கே.'

எனக்கு முன்னால் இருந்த பொறுப்பாளனைத் திட்ட வாயைத் திறந்தேன். கையெழுத்து என்னுடையது.

ஒன்பது வருடத்துக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம். கடைசி நல்ல வால்வைக் கொடுத்துவிட்டு, சைபர் என்று எழுதப் பயந்து, உடைந்ததைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். பிறகு சுத்தமாக மறந்தும்போயிருக்கிறேன்.

மனைவி சீட்டை இரண்டு முறை படித்தாள். "சைபர்னு எழுதியிருந்தா அப்பவே புதுசு வந்திருக்கும்ல," என்றாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

நாலு மணிக்கு மாமியார் கொடைவள்ளல் ஆனது. வேறு யாரையும் கைவைக்க விடாமல் அவளே எல்லாவற்றையும் கழற்றினாள். என் அலமாரிகள் வரலாறு காணாத அளவுக்கு நிரம்பின. கடைசியாக விமானி அறைக் கதவின் கைப்பிடியைக் கொண்டுவந்தாள். யாரும் கேட்காத சாமான். கிரீஸெல்லாம் துடைத்து, பளபளவென்று இருந்தது.

"ஒண்ணுன்னு எழுதுங்க," என்றாள். "இந்தத் தடவை நிஜமாவே ஒண்ணு."

கைப்பிடியை ஒரு பெட்டியில் வைத்து, ஒன்று என்று எழுதினேன். அவள் போன பிறகு, பெட்டியை இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைத்தேன்.