எதிரே வந்தவள்

"அக்கா, கோச்சுக்காத. கொஞ்ச நேரம்தான். அவரு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனதும் நானே வந்து தொறந்து உட்டுர்றேன்."

சாமுண்டீஸ்வரி கதவுச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, இடுப்பில் அணைத்த தாம்பாளத்தில் ஆரத்திக்குக் கரைத்த நீர். உள்ளே பழைய சோற்றில் கை வைத்திருந்த சாலம்மாள் நிமிர்ந்து ஓரகத்தியைப் பார்த்தாள்.

"நான் எங்க வரப்போறேன்? எதுக்குச் சங்கிலி?"

"ஊர்ல பேசிக்கிட்டாங்கக்கா. அவரு மொத மொதல்ல நம்ம ஊருக்குள்ள வர்றாரு. நீ பாட்டுக்கு எதிர்ல கிதிர்ல வந்துட்டீன்னா, உன் கொழுந்தனாருக்குத்தான் கெட்ட பேரு."

சாமுண்டீஸ்வரி தாம்பாளத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். நல்ல பெண்தான். ஆனால் நல்ல பெண்கள்தான் இந்த மாதிரி வேலைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே சங்கிலி கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்டது.

வரப்போகிறவர் சாமியாரோ மந்திரியோ இல்லை. நடிகர் கதிரேஷ். கோயில் கும்பாபிஷேகத்துக்கும் வரவில்லை. ஒரு மனிதனைக் கார் ஏற்றிக் கொன்ற வழக்கில் ஜாமீனில் இருப்பவர், கோர்ட் போட்ட நிபந்தனைப்படி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வருகிறார். வாரா வாரம் திங்கட்கிழமை வரவேண்டியவர், இத்தனை வாரமும் டாக்டர் சர்டிபிகேட்டை அனுப்பிவிட்டு இன்றுதான் முதல்முறையாக வருகிறார். அதற்குத்தான் பனையூர்மேட்டில் வாழைமரம், பேண்டு வாத்தியம், ஆரத்தி. செத்தவன் பெயர் இருசப்பன். சங்கிலி போட்ட கதவுக்குள் இருப்பவள் அவன் பெண்சாதி.

மாசி மாதம் நடந்தது. விடிந்தும் விடியாத நேரம். உப்பு வாரும் பலகையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு இருசப்பன் முன்னால் போனான். சோத்துப் பானையோடு சாலம்மாள் பின்னால் போனாள். உப்பளத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடற்கரை ரோட்டின் ஓரத்தில் அப்படித்தான் போவார்கள். குயிலாப்பாளையத்துப் பக்கம் ஏதோ விருந்தினர் விடுதியில் ராத்திரியெல்லாம் கூத்தடித்துவிட்டு, மெட்ராசுக்குப் பறந்த கார் அது. சைக்கிளோடு சேர்த்து அவனைத் தூக்கி அடித்துவிட்டு, தானும் மூஞ்சி நசுங்கிக் கொஞ்ச தூரத்தில் நின்றது.

சாலம்மாள் பார்த்தாள். ஸ்டீரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சிவந்த ஆள் இறங்கினான். ரோட்டில் கிடந்தவனைப் பார்த்தான். தலையில் கை வைத்தான். பிறகு பின்சீட்டுக்குள் ஏறிக்கொண்டான். பின்சீட்டில் இருந்த இன்னொருத்தன் இறங்கி வந்து ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டான். புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் இதையெல்லாம் பார்த்தாள். எழுந்து ஓட முடியவில்லை. எழுந்தால் மடியில் இருக்கும் தலை தரையில் விழுந்துவிடுமே.

அவள் போட்ட கூச்சலில் ஊர் ஓடி வந்தது. வந்த வேகத்தில் காரைச் சூழ்ந்துகொண்டு கத்தியது. உள்ளே இருப்பது கதிரேஷ் என்று தெரிந்ததும் பாதிக் கூட்டம் வாயடைத்துப் போயிற்று. யாரோ ஒருவன் அவருக்கு நாற்காலி கொண்டுவந்தான். இன்னொருவன் சோடா உடைத்துக் கொடுத்தான். இருசப்பனை ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஒரு வண்டி கிடைப்பதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது.

ஊர் போட்ட முதல் சத்தத்தில் போலீஸ் கதிரேஷின் பேரையே எழுதிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஜாமீனும் கிடைத்துவிட்டது. இதே தெருவில் லாரி ஓட்டும் காசிலிங்கம் முந்தின வருஷம் ஒரு கிழவரை இடித்துவிட்டு, தானே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கிழவர் பிழைத்தும் விட்டார். ஆனால் ஜாமீனுக்கு ஆள் நிற்க நாதியில்லாமல் காசிலிங்கம் ஆடி முழுக்க ஜெயிலில் கிடந்தான். சட்டம் ஒன்றுதான். அது யாரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறது, யாரைப் பார்த்தால் உட்காரச் சொல்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பிறகு, அன்று இடம் மாறி உட்கார்ந்தவனே டிரைவர் என்று முளைத்தான். "நான்தான் சார் ஓட்டினேன்" என்றான். அவன் சொல்லுக்கு எதிராக இருந்தது சாலம்மாளின் கண் மட்டும்தான்.

அந்தக் கண்ணுக்காகத்தான் நேற்றுச் சாயங்காலம் சகாதேவன் வந்து அவள் எதிரே குந்தினான். இருசப்பனின் தம்பி, சாமுண்டீஸ்வரியின் புருஷன். பதினேழு வயதிலிருந்து கதிரேஷ் ரசிகர் மன்றத்துக் கிளைச் செயலாளர். படம் ஓட வேண்டும் என்று மொட்டை போட்டவன். பிணத்தின் காலைக் கட்டிக்கொண்டு அவன் அழுத அழுகை பொய்யில்லை. கார் யாருடையது என்று தெரிந்ததும் அந்த அழுகை பாதியில் நின்றதும் பொய்யில்லை. அவனுக்கு இரண்டு அண்ணன்கள். கூடப் பிறந்தவன் செத்துவிட்டான், இன்னொருவன் திரையில் இருந்தான்.

"அண்ணி, அவரு வேணும்னா பண்ணாரு? அவர ஜெயில்ல போட்டா எங்கண்ணன் திரும்பி வந்துருமா?"

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"கோர்ட்ல ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். கண்ணு சரியா தெரியலன்னு சொல்லிடுங்க, போதும். உப்பளத்துல வேல செய்யுறவங்களுக்குக் கண்ணு பூத்துப் போறது ஊருக்கே தெரியும். ஜட்ஜும் நம்புவாரு."

அதுதான் அவளைச் சுட்டது. வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப் போவது இந்த ஊரின் வியாதி. அவளுடைய கண்ணும் உச்சி வேளையில் சிவந்து நீராய் வடியும். பாடுபட்டுக் கெட்ட கண்ணையே அவளுக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

"யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். உண்மையாகவே யோசித்தாள். அவளுக்காகச் சண்டை போட யாருமில்லை. பிள்ளை இல்லை, தாய்வீடு இல்லை. புருஷன் போனதிலிருந்து அவளோடு நின்று பேசுகிறவர்களே இல்லை.

பூவும் பொட்டும் போன பெண் காலையில் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்பது பனையூர்மேட்டுச் சட்டம். கோர்ட் சட்டத்தில் இருப்பது மாதிரி இதில் விதிவிலக்கு கிடையாது. அதனால் நான்கு மாதமாகச் சாலம்மாள் தெருவில் நடப்பதில்லை. கொல்லைப் பக்கம் இறங்கி, கருவேல முள்ளுக்குள் புகுந்து, உப்பங்கழி ஓரமாகவே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இந்த வருஷம் பாத்தியில் முதல் உப்பு வாரும் அன்று முதலாளி அவளை வரப்பிலேயே நிறுத்திவிட்டார். அவரும் திட்டவில்லை. "நீ நாளைக்கு வாம்மா" என்றார். எல்லோரும் மரியாதையாகத்தான் ஒதுக்கினார்கள். சில நாள் அவள் தன் குரலைக் கேட்கவே கோழியோடு பேசினாள். அவ்வளவு தனிமை.

தெருமுனையில் பட்டாசு வெடித்தது. பேண்டு வாத்தியம் தொடங்கியது. "தலைவா!" என்று ஒரு கூச்சல் எழுந்தது.

சாலம்மாள் கையைக் கழுவினாள். சங்கிலி போட்ட கதவைப் பார்த்தாள். எதிரே வரக்கூடாது என்பதற்காக அவளைப் பூட்டியிருக்கிறார்கள். தன் புருஷனுக்கு எதிரே வந்த ஆளுக்குத் தாம்பாளம் ஏந்துகிறார்கள். இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அவளுக்கே அது புதுசாக இருந்தது.

கொல்லைப் பக்கத்துத் தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கம்போல் முள்ளுக்குள் இறங்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே தெருவுக்கு வந்தாள்.

"ஏய், யார்ரா அது? சாலம்மாவா?" என்று ஒரு குரல். "ஐயோ, இந்தப் பொம்பள எங்க வருது! ஓரம் போம்மா! முந்தானையப் போத்திக்க!" என்று இன்னொரு குரல்.

அவள் போர்த்திக்கொள்ளவில்லை. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாராவது கையைப் பிடித்து இழுத்திருந்தால் அவள் நின்றிருப்பாள். ஆனால் அவளைத் தொடவும் அவர்களுக்கு மனசு வரவில்லை. வழி தானாகத் திறந்தது. தெருவின் நட்ட நடுவில் போய் நின்றாள்.

கார் வந்தது. புதுக் கார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். டிரைவர் அவள் வெறும் நெற்றியைப் பார்த்தான், வெறும் கழுத்தைப் பார்த்தான், சடாரென்று பிரேக்கை மிதித்தான். அன்றைக்கு மனிதனுக்காக நிற்காத அவர் வண்டி இன்றைக்கு அபசகுனத்துக்கு நின்றுவிட்டது.

பேண்டு வாத்தியம் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தது. கண்ணாடியை இறக்காமலே உள்ளே இருந்தவர் ஏதோ கேட்டார். கூட வந்தவன் தலையை நீட்டி, "ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு. அண்ணன் தண்ணி குடிச்சுட்டுத் திரும்பக் கௌம்பலாம்" என்று டிரைவரை விரட்டினான். ஸ்டேஷன் வாசலில் மாலையோடு காத்திருந்த இன்ஸ்பெக்டர், மாலையைக் கான்ஸ்டபிள் கையில் திணித்துவிட்டு ஓடி வந்தார்.

"யாரும்மா நீ? செலிபிரிட்டி வர்ற வழியில நின்னு கலாட்டா பண்றியா? தூக்கி உள்ள வெச்சுருவேன்!"

சகாதேவன் நடுவில் பாய்ந்தான். "சார், சார், உட்ருங்க சார். எங்க அண்ணிதான். அவங்களுக்குக் கண்ணு தெரியாது சார். உப்பு வேல. வண்டி வர்றது தெரியாம வந்துட்டாங்க."

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். கோர்ட்டில் சொல்லவேண்டிய அதே வார்த்தை. இங்கே சொல்லிப் பழகிக்கொண்டால் அங்கே தானாக வந்துவிடும்.

"எனக்குக் கண்ணு தெரியுது சகாதேவா" என்றாள்.

தெரு முழுக்கக் கேட்டது. நான்கு மாதமாக அந்தத் தெரு அவள் குரலைக் கேட்டதில்லை.

"இன்னைக்கு வண்டிய ஓட்டுனது மீச வெச்ச தம்பி. அந்தத் தம்பிக்குப் பக்கத்துல நடிகரு குந்தியிருக்காரு. மடியில வெள்ளத் துண்டு. கறுப்புக் கண்ணாடியக் கழட்டி என்னப் பாத்துட்டு மறுபடி மாட்டிக்கிட்டாரு. கண்ணாடிக்குப் பின்னால இருக்கறது எனக்குத் தெரியுது. அன்னைக்கும் தெரிஞ்சுது. அன்னைக்கு ஓட்டுனது அவருதான்."

காசிலிங்கம் கூட்டத்தின் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். கார் பின்னாலேயே போய், தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணியில் திரும்பி வந்தார். அதற்குள் சாலம்மாளை ஸ்டேஷனுக்குள் இழுத்துக்கொண்டு போய், செருப்பு வைக்கும் மூலையில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏலக்காய் டீ வந்தது. வழக்குக்காக ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு இன்ஸ்பெக்டர் மகளுக்கு ஒன்று, ரைட்டருக்கு ஒன்று, பெண் கான்ஸ்டபிளுக்கு அவள் உள்ளங்கையிலேயே ஒன்று. மூலையில் இருந்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மட்டும் அந்த மூலைப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தி சாய்ந்த பிறகு அவளை விட்டார்கள். "கேஸ் போடாம உடுறேன். பொது வழிய மறிச்சதுக்கு, கோர்ட்ல அவரு கேஸ் முடியற வரைக்கும் தெனம் பத்து மணிக்கு இங்க வந்து ஆஜராவணும். வரலன்னா ஆள் அனுப்பித் தூக்குவேன்" என்றார் இன்ஸ்பெக்டர். எந்தச் சட்டத்தில் இது இருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. வீடு வரைக்கும் தனியாக நடந்தாள். கதவில் சங்கிலி போட்டபடியே இருந்தது. அவளே கழற்றினாள்.

மறுநாள் காலை முதலாளியிடம் சொல்லிவிட்டு உப்பளத்திலிருந்து கிளம்பினாள். தெரு வழியாகவே வந்தாள். வாழைமரங்கள் வாடத் தொடங்கியிருந்தன. எதிரே வந்தவர்கள் சந்துக்குள் ஒதுங்கினார்கள். இரண்டு வீட்டில் கதவு சாத்திக்கொண்டது. டீக்கடையில் நின்ற சகாதேவன் முதுகைக் காட்டினான். அவளுக்கு வலித்தது. ஆனாலும் நடையை மாற்றவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் மட்டும் இருந்தார். அவள் பெருவிரலை மையில் ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவரு திரும்பவும் வர்ற திங்கக்கெழம வருவாரா சார்?"

"இனிமே வர மாட்டாரும்மா. நிபந்தனையத் தளர்த்திட்டாங்க. நேத்தே ஆர்டர் வாங்கிட்டாங்க. வெளியூர்ல ஷூட்டிங்காம்."

"எனக்கு?"

ரைட்டர் சிரித்துவிட்டார். "உனக்கு என்னம்மா ஷூட்டிங்கு?"

சாலம்மாள் சிரிக்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் வர்றேன் சார். தெனம் இந்தத் தெரு வழியாவே வர்றேன். இது உங்க ஆர்டரு, யாரும் வேணான்னு சொல்ல முடியாது பாருங்க. கோர்ட்டுல கூப்புடுற நாள் வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு ஊரும் பாத்துக்கட்டும், நீங்களும் பாத்துக்குங்க."